விரைவும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்: தோட்ட வாகனங்களுக்குக் காற்றடிக்கும் முறை

(செமோர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

தகவல் இலாகாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், அரசாங்கத் திட்டங்களைப் பற்றியோ, பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், "டயருக்குக் காற்றடிப்பது எப்படி?" என்பதே இன்றைய தலைப்பு என்று தலைவர் அவர்கள் அறிவித்தபோது, பின் வரிசையில் இருந்த இளைஞர்கள் சிலர் புன்னகைத்ததைக் கண்டேன். காற்றடிப்பதற்கும் ஒரு சொற்பொழிவா என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அன்பர்களே, தெரிந்த வேலை என்று நாம் கருதும் வேலைகளில்தான் கைகளும் கண்களும் பறிபோகின்றன. ஆகவே, சற்றே பொறுமையுடன் செவிமடுக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.

நம் பாலும் அந்த டயரும்

செமோரிலிருந்து வடக்கு நோக்கிப் பழைய சாலையில் சென்று, சுங்கை சிப்புட்டைக் கடந்தால் கோலகங்சார் நகரை அடைகிறோம். 1877-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த ஒன்பது ரப்பர்க் கன்றுகள் அங்கே நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய முதுமரம் ஒன்று அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அக்கன்றுகள் மண்ணில் வேரூன்றிப் பதினோராண்டுகள் கழிந்தபின், 1888-இல், அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்று நிரப்பிய ரப்பர்ச் சக்கரத்தைச் செய்து பொருத்தினார். இராபர்ட் தாம்சன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சக்கரத்திற்கு உரிமம் பெற்றிருந்த போதிலும், அது அன்று பரவவில்லை. டன்லப்பின் சக்கரமோ உலகெங்கும் உருண்டது. 1895-இல் பிரான்ஸ் நாட்டு மோட்டார்ப் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றுச் சக்கரம் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர். 1932-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டிராக்டர்களும் இரும்புச் சக்கரங்களை விட்டுக் காற்றுச் சக்கரங்களுக்கு மாறத் தொடங்கின.

உலகம் டயருக்காக ரப்பரைக் கேட்டது. அதைக் கொடுக்கவே இங்குக் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். இன்று செமோர் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கும், தொழிற்பேட்டைக்கும், வீட்டுமனைக்கும் இடங்கொடுத்துவிட்டன. ஆயினும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் பெரிய டயர்களுக்கு இயற்கை ரப்பரே இன்றும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. வளைந்து நிமிரும்போது அதிகம் சூடாகாத தன்மையும், கிழிபடாத உறுதியும் அதற்கு உண்டு. டிராக்டரின் டயரைத் தொடும்பொழுது, நாம் வெட்டிய பாலையே நாம் தொடுகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

காற்றைக் குறைப்பதும் ஏற்றுவதும் ஏன்?

தோட்டத்து வாகனம் இரண்டு உலகங்களில் ஓடுகிறது. ஒன்று, மழை பெய்தால் குழம்பாகும் செம்மண் பாதை. மற்றொன்று, செமோர் பெரிய சாலையின் தார்த் தளம்.

சேற்றில் இறங்கும் டயர் கெட்டியாக இருந்தால், அது மண்ணைக் கிழித்துக் கொண்டு புதையும். காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் நீண்டு படிந்து, மண்ணின் மீது பரந்து நிற்கும். வண்டியின் பாரம் அகன்ற இடத்தில் பகிரப்படுவதால் சக்கரம் புதைவதில்லை. மரத்திற்கும் இதனால் நன்மை உண்டு. உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியுள்ளன. கெட்டியான டயர்கள் ஓடி ஓடி மண் இறுகினால் அவ்வேர்கள் மூச்சுத் திணறும்.

ஆனால், காற்றுக் குறைந்த அதே டயருடன் தார்ச் சாலையில் விரைந்தால் என்ன நேரும்? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்ந்து, சூடேறி, உள்ளிருக்கும் நூலடுக்குகள் பிரிந்து, இறுதியில் வெடிக்கும். ஆகவே, காட்டுக்குள் நுழையும் முன் காற்றைக் குறைக்க வேண்டும். சாலைக்கு ஏறும் முன் மீண்டும் ஏற்ற வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கும் டிரெய்லருக்கும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கீழே ஒருபோதும் குறைக்கக் கூடாது.

இது ஓட்டுநர்கள் அறியாத செய்தியன்று. அறிந்தும் ஏன் செய்வதில்லை? "நேரம் ஆகிறது ஐயா!" என்பதே எல்லாரும் சொல்லும் மறுமொழி. அந்த மறுமொழியில் நியாயம் உண்டு. பால் எடுக்கும் தோட்டங்களில் வெயில் ஏற ஏறப் பால் உறையத் தொடங்கும். உறைந்துவிட்டால் அதன் தரமும் விலையும் குறையும். செம்பனைக் குலையும் காத்திருந்தால் கெடும். எனவே, காற்றடிக்கும் நேரத்தைக் குறைத்தாலன்றி, "காற்றடியுங்கள்" என்று அறிவுரை கூறிப் பயனில்லை. அந்த நேரத்தைக் குறைக்கும் வழியைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். ஆதலால் ஒரு சிறு கணக்கைப் போடாமல் விட மனம் வரவில்லை. பொறுத்தருள வேண்டும்.

நாம் "முப்பது ராத்தல் காற்று" என்று சொல்லும்போது, ஒவ்வொரு சதுர அங்குலப் பரப்பின் மீதும் காற்று முப்பது ராத்தல் விசையுடன் அழுத்துகிறது என்று பொருள். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15 ராத்தல். ஆகவே, டயரின் அழுத்தத்தை 15 ராத்தல் உயர்த்த வேண்டுமானால், அந்த டயரின் உள்ளே எத்தனை லிட்டர் இடமுண்டோ, அத்தனை லிட்டர் வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும்.

லேண்ட் ரோவர் போன்ற வாகனத்தின் ஒரு டயருள் சுமார் 50 லிட்டர் இடம் இருப்பதாகக் கொள்வோம். சேற்றுக்காக 18 ராத்தலாகக் குறைத்ததை மீண்டும் 36 ராத்தலாக்க, சுமார் 60 லிட்டர் வெளிக்காற்று தேவை. நான்கு டயர்களுக்கு 240 லிட்டர். ஒரு மிதிக்குக் கால் லிட்டர் காற்றுத் தரும் கால் பம்பினால் அடித்தால், ஏறத்தாழ ஆயிரம் முறை மிதிக்க வேண்டும். நிமிடத்திற்கு 30 லிட்டர் தரும் மின்சாரப் பம்பாயின் எட்டு நிமிடங்கள் போதும்.

இனி டிராக்டரின் பின் டயரைப் பாருங்கள். அதன் அழுத்தம் குறைவு. 10 ராத்தலிலிருந்து 20 ராத்தலுக்கு உயர்த்தினால் போதும் என்று வைத்துக் கொள்வோம். ஆனால் அதன் உள்ளே 200 லிட்டர் அளவு இடமுண்டு. எனவே ஒரே டயருக்குச் சுமார் 135 லிட்டர் காற்று வேண்டும். அழுத்தம் குறைவு, காற்றோ இருமடங்குக்கும் மேல்!

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? பம்ப் வாங்கும்போது பெட்டியின் மேல் "150 ராத்தல்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. நம் டயர்களுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையே இல்லை. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதையே கேட்க வேண்டும். அந்த எண்ணும் டயர் இணைக்கப்படாத நிலையில் அளந்த எண்ணாக இருக்கக் கூடும். டயரில் அழுத்தம் ஏற ஏறப் பம்பின் வேகம் குறையும். ஆகவே சிறந்த சோதனை நம் கையிலேயே இருக்கிறது. ஒரு டயரை 20 ராத்தலிலிருந்து 30 ராத்தலுக்கு உயர்த்த எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே டயருக்கு அதிக நேரம் பிடித்தால், பம்ப் தேய்ந்துவிட்டது அல்லது குழாய் கசிகிறது என்று அறியலாம்.

குறுகிய இடம் எங்கே?

வாளியிலிருந்து பாலை வடிகட்டியில் ஊற்றுகிறோம். வடிகட்டி அடைத்திருந்தால், வாளியை எவ்வளவு சாய்த்தாலும் பால் விரைந்து இறங்காது. வாளியில் பாலே இல்லையென்றால், வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை. காற்றும் அவ்வாறே. பம்ப், குழாய், வால்வு ஆகிய மூன்றில் எது குறுகலானதோ, அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

சிறிய மின்சாரப் பம்பில் குறுகிய இடம் பம்பேதான். வால்வின் உள்ளூசியைக் கழற்றினாலும் பெரிய பயன் விளையாது. பெரிய கொள்கலம் உடைய பட்டறைக் கம்ப்ரசரிலோ நிலைமை வேறு. அங்கே காற்று நிறைந்திருக்கிறது. வால்வின் சிறு வாய்தான் தடை. வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வெகு விரைவாக உள்ளே பாயும். போதிய அளவு ஏறியதும் ஊசியைப் பூட்டிவிட்டு, எஞ்சியதை வழக்கம்போல் நிரப்பலாம். காற்று இருக்கும்போதே ஊசியைக் கழற்றவும் மாட்டவும் உதவும் சிறு கருவியும் கடைகளில் உண்டு. அக்கருவி இன்றி, அழுத்தம் ஏறிய டயரின் ஊசியை விரலால் கையாள முயல வேண்டா. அது தெறித்துக் கண்ணில் படும்.

கொள்கலத்தின் பயனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர்க் கொள்கலத்தில் 120 ராத்தல் அழுத்தத்திற்குக் காற்றைச் சேர்த்து வைத்தால், அது 36 ராத்தலாக இறங்குவதற்குள் சுமார் 280 லிட்டர் காற்றைக் கொடுக்கும். நாம் முன்பு கண்ட நான்கு டயர்களுக்கு அது போதுமானது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டால், வண்டி புறப்படும் வேளையில் காற்று ஆயத்தமாக இருக்கும். காற்று சேர்வதற்காக ஒருவர் காத்து நிற்க வேண்டியதில்லை.

நான்கு கிளைகள் கொண்ட குழாயை இணைத்து, நான்கு டயர்களுக்கும் ஒரே சமயத்தில் அடிப்பதும் உண்டு. பம்ப் தரும் காற்று அதனால் கூடிவிடாது. ஆனால் சக்கரத்திற்குச் சக்கரம் நடந்து குனிந்து மாட்டும் வேலை மிச்சமாகும். நான்கிலும் அழுத்தம் சமமாகும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வெவ்வேறு அளவு வேண்டிய வாகனத்திற்கு மட்டும் இரண்டிரண்டாக இணைக்க வேண்டும்.

காற்றுப் பிரேக் உடைய லாரிகள் சிலவற்றில், டயருக்குக் காற்றடிப்பதற்கென்றே ஓர் இணைப்பு அமைந்திருக்கும். கையேட்டில் அவ்வாறு குறித்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். குறிப்பிடப்படாத லாரியில் பிரேக் குழாயைக் கழற்றிக் காற்றெடுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இன்னும் ஒரு செய்தி வியப்பூட்டும். 1942-இல் அமெரிக்கர்கள் நீரிலும் நிலத்திலும் செல்லும் இராணுவ வாகனம் ஒன்றை உருவாக்கினர். அதன் ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே, ஓடிக் கொண்டிருக்கும் டயரில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்யப்பட்டது. கடற்கரை மணலில் குறைப்பார்; சாலைக்கு ஏறியதும் கூட்டுவார். இன்று அயல்நாடுகளில் சில டிராக்டர்களிலும் காட்டு லாரிகளிலும் அவ்வசதி இருக்கிறது. நம் தோட்டத்தில் அது இல்லாவிடினும், அதே நோக்கத்தை ஒரு நல்ல பம்பும் ஒழுங்கான பழக்கமும் நிறைவேற்றித் தரும்.

பம்பையும் மீட்டரையும் பேணும் முறை

பன்னிரண்டு வோல்ட் மின்சாரப் பம்பைப் பயன்படுத்தும்போது வண்டியின் எஞ்சினை ஓடவிடுங்கள். திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெரிய பம்ப் 30 அம்பியர் வரை மின்சாரம் இழுக்கக் கூடும். சிகரெட் கொளுத்தும் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியரே தாங்கும். ஆதலால் பெரிய பம்பை நேராக பேட்டரியில் இணைப்பதே முறை. இரண்டு டயர்கள் அடித்ததும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடானால் சற்று ஆறவிடுங்கள். சூடான பம்ப் குறைந்த காற்றையே தரும். அதன் ஆயுளும் குறையும்.

குழாயும் இணைப்புகளும் கசிகின்றனவா என்று சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. கம்ப்ரசரின் கொள்கலத்தில் அந்த ஈரம் நீராகத் தேங்கி, உள்ளிருந்து இரும்பை அரிக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். வெளியில் புதுச் சாயம் பூசிய கொள்கலமும் உள்ளே துருவேறி வெடித்துவிடக் கூடும் என்பதை மறவாதீர்கள்.

காற்று ஓடிக் கொண்டிருக்கும்போது பம்பின் மீட்டர் காட்டும் எண், டயரிலுள்ள அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். ஆகவே, நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கையில் அளப்பதே சரியானது. டயரின் சூடு ஐந்தாறு செல்சியஸ் பாகை ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ராத்தல் கூடும். நண்பகலில் அளந்து, "காற்று அதிகமாகிவிட்டது" என்று திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்திருக்கும்.

டிராக்டரின் டயரில் பாரத்திற்காக நீர் நிரப்பியிருந்தால், வால்வை மேல்நோக்கி நிறுத்தி அளவுங்கள். நீர் இடத்தை அடைத்துக் கொள்வதால் எஞ்சிய காற்று சிறிதளவே. அதிலிருந்து சற்றுக் கசிந்தாலும் அழுத்தம் விரைவில் இறங்கும். எனவே அத்தகைய டயரை அடிக்கடி சோதிப்பது அவசியம்.

மோட்டார் சைக்கிளில் பாலேற்றிச் செல்லும் சகோதரர்களே, சகோதரிகளே! இது லாரி ஓட்டுநருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் சிறு டயருள் சில லிட்டர் காற்றே இருப்பதால், சைக்கிள் பம்பே அதற்குப் போதும். ஈரமான பாதையில், பின்னால் பாரத்துடன், காற்றுக் குறைந்த டயரில் செல்வது வழுக்கி விழுவதற்கு வழிவகுக்கும். காலையில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

விளிம்பு பிடிக்காத டயர்

டியூப் இல்லாத டயர், ரிம்மை விட்டு விலகிவிட்டால், அடிக்கும் காற்றெல்லாம் பக்கவாட்டில் வெளியேறிவிடும். அவ்வேளையில் டயரின் நடுவே, சுற்றளவு முழுவதும் வலுவான கயிற்றைச் சுற்றி, ஒரு கட்டையைச் செருகி முறுக்குங்கள். டயர் உள்நோக்கி அமுங்க, அதன் விளிம்புகள் இருபுறமும் விரிந்து ரிம்மைத் தொடும். விளிம்பில் சவர்க்கார நீரைத் தடவி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றைச் செலுத்தினால் டயர் பிடித்துக் கொள்ளும். பிடித்ததுமே காற்றை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். காற்று ஏறிய பின் அந்தக் கயிறு அறுந்து அடிக்கும்.

சிலர் பெட்ரோலையோ எரியும் வாயுவையோ டயருக்குள் தெளித்துத் தீ வைத்து, வெடிப்பின் வேகத்தால் டயரை ஏற்றுகிறார்கள். இதை வீரம் போலக் கைத்தொலைபேசிக் காட்சிகளிலும் காண்கிறோம். அதை யாரும் செய்யக் கூடாது. அந்த வெடிப்புக்கு அளவும் இல்லை; கட்டுப்பாடும் இல்லை. விளிம்பு பிடிக்கவில்லை என்பதற்காக அழுத்தத்தை மேலும் மேலும் ஏற்றுவதும் ஆபத்தே. பல டிராக்டர் டயர்களின் பக்கச் சுவரிலேயே, விளிம்பைப் பிடிக்கச் செய்ய 35 ராத்தலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த அளவிலும் பிடிக்காவிட்டால் காற்றை இறக்கி, மீண்டும் தடவி, மீண்டும் தொடங்குங்கள்.

அந்த அண்ணனின் வலக்கை

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எந்தத் தோட்டம் என்பது இங்கே முக்கியமன்று. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்துக் கொண்டிருந்த காலம். பட்டறையில் உதவியாளாக இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் அடுத்த லயத்தில் வாழ்ந்தார். எங்கள் சைக்கிள்களுக்குக் காசு வாங்காமல் காற்றடித்துத் தருவார். எழுத்தறியாத முதியவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தருபவரும் அவரே. முத்து முத்தாக எழுதுவார்.

ஒரு நாள் பால் லாரியின் பின் டயர் காற்றின்றி வந்து நின்றது. அந்த ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பூட்டு வளையம் உண்டு. காற்றுக் குறைந்த நிலையிலேயே நெடுந்தூரம் ஓடியதால் வளையம் தன் இடத்திலிருந்து சற்று நழுவியிருந்தது போலும். பால் காத்திருந்தது, எல்லாரும் அவசரப்படுத்தினர். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல், அதன் எதிரே குந்தி அமர்ந்து காற்றடித்தார். வளையம் பீரங்கிக் குண்டு போலப் பறந்தது. உயிர் தப்பியது, வலக்கை நொறுங்கியது. பின்னர் அவர் இடக்கையால் எழுதப் பழகினார். ஆனால், கடிதம் எழுதித் தரும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கெல்லாம் மனம் வரவில்லை.

பால் அன்று உறைந்துதான் போனது.

அன்பர்களே, 100 ராத்தல் காற்று என்றால் ஒரு சதுர அடியில் 14,400 ராத்தல், அதாவது ஆறு டன்னுக்கும் மேலான விசை என்று பொருள். அதன் எதிரே மனித உடல் எம்மாத்திரம்? ஆகவே, பின்வரும் விதிகளை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, குறித்த அழுத்தத்தில் எண்பது விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கிய நிலையில் ஓடி வந்த லாரி டயருக்கு அப்படியே காற்றடிக்கக் கூடாது. அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு விதிகளும் இதையே கூறுகின்றன. நூறு ராத்தல் வேண்டிய டயர் எண்பதில் ஓடி வந்திருந்தால், முழுவதும் காற்றை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, டயரையும் ரிம்மையும் வளையத்தையும் சோதித்த பின்னரே அடிக்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டு வளையம் உடைய சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.

மூன்றாவது, வால்வைத் தானே கவ்விக் கொள்ளும் முனையும், நீண்ட குழாயும், கையருகே மீட்டரும் நிறுத்தும் திருகும் உடைய கருவியைப் பயன்படுத்துங்கள். சக்கரத்தின் முகத்திற்கு நேரே நிற்காமல், டயர் தரையைத் தொடும் பக்கமாகச் சற்று விலகி நில்லுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

நான்காவது, காற்று உள்ள டயர் பூட்டிய ரிம்மின் மீது ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். காற்று ஏறும்போது வளையத்தைச் சுத்தியால் தட்டாதீர்கள். வளைந்த வளையத்தையும், துருவேறிய ரிம்மையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

இவ்விதிகள் நேரத்தை விழுங்கும் என்று எண்ணாதீர்கள். நீண்ட குழாயும் கவ்வும் முனையும் இருந்தால், ஒருவர் குனிந்து பிடித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. காற்று ஏறும் நேரத்தில் எண்ணெயையும் நீரையும் அவர் பார்த்துவிடலாம். பாதுகாப்பான கருவி பல வேளைகளில் விரைவான கருவியாகவும் அமைந்துவிடுகிறது.

உங்கள் உரிமையும் கடமையும்

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்பில் உள்ளது. அச்சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தன. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை அறிவித்த பின்னும் முதலாளி அகற்றாவிடில், அவ்விடத்தைவிட்டு விலகிக் கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பது அத்திருத்தங்களுள் ஒன்று. பழுதான வளையத்திற்குக் காற்றடிக்கச் சொன்னால், "ஐயா, இதைச் சோதித்த பிறகே அடிக்க வேண்டும்" என்று மரியாதையுடன் சொல்வதற்கு அஞ்ச வேண்டா.

உரிமையுடன் கடமையும் வருகிறது. கொடுத்த கருவியைப் பேணுவதும், கூண்டு இருந்தும் "இந்த ஒரு தடவைக்கு வேண்டா" என்று ஒதுக்காமல் இருப்பதும் நம் கடமையே.

நிருவாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். கூண்டு, நீண்ட குழாய், நம்பகமான மீட்டர் ஆகிய மூன்றையும் பட்டறைக்கு வழங்குங்கள். ஒவ்வொரு வாகனத்தின் முன் டயருக்கும் பின் டயருக்கும் சாலையில் எவ்வளவு, காட்டில் எவ்வளவு என்பதைத் தமிழிலும் மலாயிலும் பலகையில் எழுதி மாட்டுங்கள். நம்முடன் இன்று பணியாற்றும் அயல்நாட்டுச் சகோதரர்களுக்கும் புரியும்படி எண்களைப் பெரிதாக எழுதுங்கள்.

தோழர்களே! உலகம் முழுவதற்கும் டயருக்குரிய பாலைக் கொடுத்த கைகள் உங்கள் கைகள். அக்கைகள் பத்து விரல்களுடன் வீடு திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம். பின் வரிசையில் புன்னகைத்த தம்பிமார்கள் கூட்டம் முடிந்ததும் பட்டறைக்கு வாருங்கள். அங்கே நிற்கும் டிராக்டரின் டயருக்கு, விலகி நின்று, நேரத்தைக் குறித்துக் கொண்டு, நாம் எல்லாரும் சேர்ந்து காற்றடித்துப் பார்ப்போம்.